ஒற்றைச் சிலிண்டரா, இரட்டைச் சிலிண்டரா?

போன தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து நான் கறிக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். மகன் தானாக வந்து பக்கத்தில் குந்தி வெங்காயம் உரிக்கத் தொடங்கினான். கேட்காமல் அவன் வெங்காயம் உரித்தால் ஏதோ பெரிய காரியம் வருகிறது என்று எனக்குத் தெரியும்.

"அம்மா, சங்கத்தில உங்கட சேமிப்பு எவ்வளவு கிடக்கு?"

"ஏன் கேக்கிறாய்?"

"இன்னொரு சிலிண்டர் வாங்கவேணும். ரெண்டையும் சேத்துக் கட்டி முதுகில போட்டால் ஒரே இறக்கத்தில ரெண்டு மடங்கு நேரம் கீழ நிக்கலாம். ஏறி இறங்கிற நேரம் மிச்சம். காத்து முடிஞ்சிடுமோ எண்ட பயமும் இல்லை."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சங்கத்தில் 80,000 ரூபா சேமிப்பு இருந்தது. வீட்டுக் கூரைக்கென்று வைத்திருந்த காசு அது. ஆனால் நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் காசு அல்ல. விறாந்தையில் கதிரையில் இருந்த என் தம்பியும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய ஊன்றுகோல் சுவரில் சாத்தியிருந்தது.

கடற்கரை தெரியாத சகோதரிகளுக்காக இந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் மன்னார்க் கரையில் சங்கு குளிப்பதும் கடலட்டை பிடிப்பதும் பழைய தொழில்கள். அட்டையை நாங்கள் உண்பதில்லை. அவித்துக் காயவைத்து சிங்கப்பூர், ஹொங்கொங், சீனா என்று அனுப்புகிறார்கள். எங்கள் அப்பு காலத்தில் மூச்சை அடக்கிக்கொண்டுதான் குளித்தார்கள். கரைக்குக் கிட்ட நாலைந்து பாகத்தில் எல்லாம் கிடைத்தன. ஒரு பாகம் என்பது ஆறு அடி, ஒரு ஆள் இரண்டு கைகளையும் விரித்து நிற்கும் நீளம். பிறகு கிட்டத்தில் கிடந்தவை எல்லாம் அள்ளப்பட்டுவிட்டன. பத்துப் பாகம், பதினைந்து பாகம் என்று போக வேண்டியதாயிற்று. அவ்வளவு ஆழத்துக்கு மூச்சடக்கிப் போய் வேலை செய்ய முடியாது. அதனால் முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு போகிறார்கள். ஐப்பசியில் இருந்து சித்திரை வரைக்கும் எங்கள் கரையில் தொழில். சோளகம் எழும்பிக் கடல் கலங்கினால் பொடியன்கள் கிழக்குக் கரைக்குப் போய்விடுவார்கள்.

மகனுடைய தகப்பன் 2009 ஆம் ஆண்டு மாசி மாதம் முல்லைத்தீவுப் பக்கத்தில் செல் விழுந்து இறந்தார். மகனுக்கு அப்போது ஏழு வயது. செட்டிகுளம் முகாமில் இருந்து 2010 இல் நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது படகும் இல்லை, வலையும் இல்லை, வீட்டில் சுவர்கள் மட்டும் நின்றன. தம்பிதான் எங்கள் இரண்டு குடும்பங்களையும் தாங்கினான். வலை வாங்க முதல் வேண்டும், அட்டைக்கு உடம்பு மட்டும் போதும் என்று சொல்லி ஒரு முதலாளியின் படகில் சுழியோடப் போனான். சிலிண்டரும் படகும் முதலாளியுடையவை, பிடித்ததில் பங்கு. மூன்று நான்கு வருடம் நல்ல வருமானம். என் பிள்ளைகளின் பாடசாலைச் சப்பாத்தெல்லாம் அவன் வாங்கியதுதான்.

2014 இல் ஒரு நாள் பதினாலு பாகத்தில் நாலாவது சிலிண்டரையும் முடித்துக்கொண்டு மேலே வந்தான். படகில் ஏறியதும் தோள் எல்லாம் கடித்திருக்கிறது. அட்டை பட்டதாக்கும் என்று நினைத்தான். அரை மணித்தியாலத்தில் இடுப்பைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கினாற்போல நோ. பிறகு கால் இரண்டும் மரத்துவிட்டன. கூட இருந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார்கள். மிச்சம் இருந்த ஒரு சிலிண்டரைக் கட்டி அவனைத் திரும்பவும் கடலுக்குள் இறக்கினார்கள். கீழே போனதும் நோ குறைந்தது. காற்று முடிந்து மேலே வந்ததும் முன்னையதைவிட மோசமாகத் திரும்பி வந்தது. கரைக்குக் கொண்டுவரும்போது இருட்டிவிட்டது. வாதம் என்று சொல்லி எண்ணெய் போட்டு உருவினார்கள். அன்று இரவு அவனுக்குச் சிறுநீர் போகவில்லை. அது எவ்வளவு பெரிய அடையாளம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கால் மரத்து, சிறுநீர் அடைத்தால் முள்ளந்தண்டுக்குள் இருக்கும் நரம்பு பழுதாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தமாம். உடனே படுக்கவைத்து, முகமூடி போட்டுச் சுத்தமான ஒட்சிசன் கொடுத்து, அழுத்த அறை உள்ள இடத்துக்கு ஓட வேண்டும். நாங்கள் விடியும்வரை உருவிக்கொண்டிருந்தோம்.

திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் உள்ள அழுத்த அறைக்கு அவன் போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள். அந்தப் படலைக்கு முன்னால் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் எனக்கு என்னவெல்லாம் ஓடியது என்று இங்கே எழுத வரவில்லை. உள்ளே இருந்து வந்த ஒரு மருத்துவ உதவியாளர் உடைந்த தமிழில் "நல்லா வரும் அக்கா" என்றார். அதை இன்றைக்கும் மறக்கவில்லை. பாதி நல்லாகத்தான் வந்தது. இடது கால் இப்போதும் இழுக்கும். முதலாளி ஒரு மாதம் சாப்பாட்டுக்குக் காசு தந்தார். இரண்டாம் மாதம் நான் போனபோது அவருடைய மனைவி வந்து, அவர் வெளியில் போய்விட்டார் என்றா. அவருடைய செருப்பு வாசலில் கிடந்தது.

இது கடலில் மட்டும் வரும் வருத்தம் அல்ல. அமெரிக்காவில் நியூயோர்க் நகரத்தில் புரூக்ளின் பாலம் கட்டும்போது ஆற்றடியில் பெரிய மரப்பெட்டிகளைக் கவிழ்த்து இறக்கி, காற்றை அழுத்தி உள்ளே விட்டு, அதற்குள் ஆட்களை இறக்கி அத்திவாரம் தோண்டினார்கள். மேலே வந்தவர்களில் பலருக்கு மூட்டு நோவும் கால் விளங்காமையும் வந்தன. 1872 இல் தலைமைப் பொறியியலாளர் வோஷிங்டன் ரோப்ளிங்கே படுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவருடைய மனைவி எமிலி கணக்கும் கட்டடக்கலையும் படித்து, கணவர் சொல்வதை எழுதிக்கொண்டுபோய் வேலைத்தளத்தில் சொல்லி, பதினொரு வருடம் அந்த வேலையைக் கொண்டு நடத்தினா. 1883 இல் பாலம் திறந்தபோது அதைக் கடந்த முதல் வண்டியில் இருந்ததும் அவதான். இதை நான் வாசித்தபோது தம்பியின் மனைவியை நினைத்தேன். அவவும் பதினொரு வருடமாக ஒரு பாலத்தைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறா. வெள்ளாப்பில் எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறா.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்ட பிறகு தம்பி மருமகனைக் கூப்பிட்டு முன்னால் இருத்தினான்.

"இரட்டைக் கதை உனக்கு எங்கயிருந்து வந்தது?"

மகன் சொன்னான். போன சோளகத்துக்கு மட்டக்களப்புப் பக்கம் தொழிலுக்குப் போனபோது வெள்ளைக்காரச் சுழியோடிகளைக் கண்டானாம். 1942 சித்திரையில் யப்பான் விமானங்கள் குண்டு போட்டுத் தாழ்த்திய ஹேர்மிஸ் என்ற பிரித்தானியக் கப்பல் அந்தக் கடலில் கிடக்கிறது. ஐம்பது மீற்றருக்கும் கூடிய ஆழம். அதைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் முதுகில் இரட்டைச் சிலிண்டர் கட்டிக்கொண்டுதான் இறங்கினார்களாம். "படிச்ச ஆக்கள் அப்பிடித்தானே மாமா செய்யினம்?"

"அவை மேல வரேக்க சிலிண்டருக்குள்ள எவ்வளவு காத்து மிச்சம் எண்டு பாத்தனியா?"

மகன் பார்க்கவில்லை. தம்பிக்குத் தெரியும். வருத்தத்துக்குப் பிறகு வீட்டில் கிடந்த காலத்தில், திருகோணமலையில் உல்லாசப் பயணிகளைக் கூட்டிப் போகும் ஒரு சுழியோடியிடம் கேட்டுக் கேட்டுப் படித்து வைத்திருந்தான். அப்படி ஆழத்துக்கும் குகைகளுக்கும் போகிறவர்கள் காற்றை மூன்று பங்காகப் பிரிப்பார்களாம். ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடக்கூடாது. இரட்டை சுமப்பது கூட நேரம் நிற்பதற்கு மட்டும் அல்ல. ஒரு வாய்க்குழாய் பழுதானால் மற்றதைக் கடிக்க, கூட வந்தவனுக்கு முடிந்தால் கொடுக்க. மேலே வரும்போதும் நேரே வருவதில்லை. வழியில் நின்று நின்று, சில வேளை கீழே இருந்ததைவிடக் கூடிய நேரம் தண்ணீருக்குள் தொங்கித்தான் வருவார்கள்.

"நீ ரெண்டையும் கடைசி மூச்சுவரைக்கும் குடிச்சிட்டு வரப் போறாய். அவை கட்டுறதும் நீ கட்டப் போறதும் ஒண்டில்லை."

பிறகு ஒரு பழைய அப்பியாசக் கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினான். நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நான் எட்டாம் வகுப்பு, எனக்கே விளங்கிய கணக்கு.

எங்கள் பொடியன்கள் இதை ஒட்சிசன் சிலிண்டர் என்று சொல்வார்கள். அது பிழை. உள்ளே இருப்பது நாங்கள் சுவாசிக்கிற அதே காற்று. ஐந்தில் நாலு பங்கு நைதரசன், ஒரு பங்குதான் ஒட்சிசன். சாதாரணமான அலுமினியச் சிலிண்டரின் உட்கொள்ளளவு 11 லீற்றர். ஆனால் முள் 3000 காட்டும்வரை அமுக்கி நிரப்பும்போது 2200 லீற்றர் காற்று உள்ளே போய்விடும். கைகால் அடித்து வேலை செய்கிற ஆளுக்கு மேலே என்றால் நிமிடத்துக்கு 20 லீற்றர் போதும். ஆழத்துக்குப் போகப் போக ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் அழுத்தம் இன்னொரு மடங்கு சேர்கிறது. பத்துப் பாகத்தில் ஒரு மூச்சுக்கு மேலே எடுப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு காற்று செலவாகும். ஆகவே ஒரு சிலிண்டர் அங்கே 35, 40 நிமிடம்தான் வரும். பதினைந்து பாகத்தில் அரை மணித்தியாலம்.

இது காற்றின் கணக்கு. உடம்பின் கணக்கு வேறு. அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைதரசன் இரத்தத்திலும் சதையிலும் கரைந்து ஊறிக்கொண்டே போகும். மெதுவாக மேலே வந்தால் சுவாசத்தோடு வெளியே போய்விடும். கூட ஊறியிருந்து சடாரென்று வந்தால் சோடாப் போத்தலைத் திறந்தாற்போல உடம்புக்குள்ளேயே நுரைக்கும். எவ்வளவு நேரம் நின்றால் நேரே மேலே வரலாம் என்பதற்கு அட்டவணைகள் இருக்கின்றன. ஹோல்டேன் என்ற விஞ்ஞானி ஆடுகளை வைத்துச் சோதித்து 1908 இல் முதலாவது அட்டவணையை வெளியிட்டார். இன்றைய அட்டவணைகளின்படி பத்துப் பாகத்துக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். பதினைந்து பாகத்துக்கு 25, 30 நிமிடம். அதுவும் அன்றைய முதல் இறக்கத்துக்கு மட்டும்.

தம்பி இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக் கோடு கீறினான். ஒற்றைச் சிலிண்டரோடு பத்துப் பாகத்தில் நிற்பவன் உடம்பின் எல்லை வருவதற்கு முன்னமே காற்று முடிந்து மேலே வந்துவிடுவான். பதினைந்து பாகத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வரும். சிலிண்டர் சின்னதாக இருப்பதே அவனை மேலே துரத்துகிறது. இரட்டை கட்டினால் பதினைந்து பாகத்தில் ஒரு மணித்தியாலம் நிற்கலாம். காற்று இருக்கிறது என்று முள் சொல்லும். உடம்பு தாங்குமா என்று சொல்வதற்கு அந்த முள்ளால் ஏலாது.

எனக்கு அந்த இடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது போல இருந்தது. இரட்டை வேண்டாம், ஒற்றையே போதும், என் காசும் தப்பியது. அப்போதுதான் மகன் என் முகத்தைப் பார்க்காமல் ஒன்று சொன்னான்.

கார்த்திகையில் ஒரு நாள் பன்னிரண்டு பாகத்தில் வலைத்துண்டு ஒன்றில் கால் மாட்டிவிட்டதாம். அறுத்துக்கொண்டு நிமிரும்போது வாய்க்குழாயில் காற்று இறுகிவிட்டது. முள்ளைப் பார்த்தால் அடியில் கிடக்கிறது. ஒரே மூச்சில் மேலே வந்திருக்கிறான். என்னிடம் அன்றைக்குத் தடிமன் என்று சொல்லிப் படுத்தவன்.

"மாமா சொல்லுறது சரிதான். ஆனா காத்தில்லாமலும் ஆள் சாகும். எனக்கு இரட்டை வேணும் எண்டது அதுக்கும்தான்."

தம்பியும் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு மெல்லச் சொன்னான்: "நான் விழுந்ததும் ஒற்றையிலதான்."

அது உண்மை. சின்னச் சிலிண்டர் அவனை ஒவ்வொரு முறையும் மேலே துரத்தியது, அவன் அடுத்த சிலிண்டரை மாற்றிக்கொண்டு திரும்ப இறங்கினான். படகில் அரை மணித்தியாலம் இருந்து ஒரு சுருட்டுப் பிடித்தால் ஊறிய நைதரசன் போய்விடாது. மணித்தியாலக் கணக்கில் எடுக்கும். முதல் இறக்கத்தின் மிச்சத்தோடு இரண்டாவது, அதன் மிச்சத்தோடு மூன்றாவது. நாலு ஒற்றை என்பது இடையில் தேநீர் குடித்த இரண்டு இரட்டைதான்.

ஆகவே கேள்வி நான் நினைத்ததுபோல ஒன்றா இரண்டா என்று இல்லை. வெற்றுச் சிலிண்டர் ஒரு பயம், நிரம்பிய சிலிண்டர் இன்னொரு பயம். இந்த இரண்டு பயத்தையும் வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் அந்த வாரம் முழுக்கப் பேசினோம், சண்டையும் பிடித்தோம்.

இரட்டையில் வேறு குறைகளும் இருக்கின்றன. நிரம்பிய ஒரு சிலிண்டர் 17 கிலோ. இரண்டும் பட்டியும் சேர்ந்தால் 35 கிலோவுக்கு மேல். அலை அடிக்கிற நேரம் அதைக் கட்டிக்கொண்டு சின்னப் படகில் ஏறுவது லேசல்ல. இன்னொன்றைத் தம்பி சொல்லும்வரை நான் நினைத்தும் பார்க்கவில்லை. காற்றுக்கும் பாரம் உண்டு. ஒரு சிலிண்டருக்குள் இருக்கும் காற்று மட்டும் இரண்டே முக்கால் கிலோ. அலுமினியச் சிலிண்டர் காற்றுத் தீரத்தீர லேசாகி, கடைசியில் மிதக்கப் பார்க்கும். இரண்டு கட்டினால் இறங்கும்போது இருந்ததைவிட ஏறும்போது ஐந்தரைக் கிலோ குறைவு. மேலே வரும் வழியில் இரண்டரை மூன்று பாகத்தில் மூன்று நிமிடம் நின்று வர வேண்டும் என்பது விதி. இடுப்பில் ஈயம் கணக்காக இல்லாவிட்டால், நிற்க வேண்டிய அந்த இடத்தில்தான் அது ஆளைத் தூக்கி எறியும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வந்தது வேறொன்றில். இரண்டையும் இணைக்கும் குழாயை மகன் ஊரில் ஒரு வெல்டிங் கடையில் செய்விக்க இருந்தான். கார் ரயருக்கு 30 இறாத்தல் காற்றடிப்பார்கள். இதற்குள் இருப்பது 3000. அப்படி இணைத்த குழாயில் ஒரு இடம் ஒழுகினால், இடையில் பூட்டுகிற வால்வு இல்லாவிட்டால், இரண்டு சிலிண்டரும் சேர்ந்தே வெறுமையாகும். பிறகு இரட்டையும் ஒற்றைதான். கரையில் வெடித்தாலோ பேச்சில்லை.

மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தது தம்பியின் சினேகிதனான அந்தத் திருகோணமலைச் சுழியோடி. பெரிய சிலிண்டர் ஒன்று, அதன் பக்கத்தில் மூன்று லீற்றர் சின்னச் சிலிண்டர் ஒன்று. இரண்டையும் இணைப்பதில்லை. சின்னதற்குத் தனி வாய்க்குழாய். அதைத் தொழிலுக்குத் தொடக்கூடாது. பெரியது பழுதானால், கால் மாட்டினால், அதைக் கடித்துக்கொண்டு வர மட்டும். அதில் ஏறக்குறைய 600 லீற்றர் காற்றுப் பிடிக்கும். பதினைந்து பாகத்தில் இருந்து நிமிடத்துக்கு ஐந்து பாகமாக மெதுவாக ஏறினால் மூன்று நிமிடம். வழியில் நிற்க மூன்று நிமிடம். கணக்குப் பார்த்தால் காற்றுக் காணும். ஆனால் கீழே நின்று இன்னும் நாலு அட்டை பொறுக்கக் காணாது. எனக்கு அதில் பிடித்தது அதுதான்.

அதோடு கையில் கட்டுகிற ஒரு கணிப்பானும் வாங்கச் சொன்னார். மணிக்கூடு மாதிரி இருக்கும். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், இன்னும் எத்தனை நிமிடம் நிற்கலாம் என்று காட்டும். முந்தின இறக்கத்தின் மிச்சத்தையும் அது மறக்காது. மகன் முகத்தைச் சுளித்தான். அதன் விலையில் ஒரு பெரிய சிலிண்டரே வாங்கலாமாம். வாங்கலாம்தான். என் சேமிப்போடு சங்கத்தில் ஒரு இலட்சம் கடனும் எடுத்து, சின்னச் சிலிண்டர், றெகுலேற்றர், கணிப்பான் மூன்றையும் பாவித்த சாமானாக வாங்கினோம். கழுத்தில் அடித்திருந்த சோதனைத் திகதியைத் தம்பி கண்ணாடி போட்டுப் பார்த்துத்தான் காசைக் கொடுக்கவிட்டான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நீர் அழுத்தச் சோதனை செய்ய வேண்டுமாம். எங்கள் கரையில் உருளுகிற சிலிண்டர்கள் பலவற்றில் அந்தத் திகதியே அழிந்து கிடக்கிறது.

சாமான் வாங்குவது சுகம். கடினமானது மற்றது. ஒரு நாளைக்கு நாலு சிலிண்டர் இல்லை, இரண்டு மட்டும். ஆழமானது முதலில், மற்றது ஆழம் குறைந்த இடத்தில், இடையில் இரண்டு மணித்தியாலம். இதை நான் கேட்டபோது மகன் எழும்பிப் போய்விட்டான். மற்றப் பொடியன்கள் நாலு அடிக்கும்போது தான் இரண்டோடு படகில் இருந்தால் சம்மாட்டி அடுத்த நாள் ஏற்றுவாரா என்று கேட்டான். நியாயமான கேள்வி. பங்கு பாதியாகக் குறையும் என்பதும் உண்மை. பொறுமையாக இரு, கடவுள் தருவார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடனுக்கு மாதத் தவணை கட்டுவது கடவுள் அல்ல.

அதனால் நான் அவனிடம் வேறு விதமாகப் பேசினேன். குறைகிற காசில் கொஞ்சத்தை நான் கொண்டுவருகிறேன் என்றேன். காலையில் நண்டு வலை கரைக்கு வரும்போது வலையில் இருந்து நண்டு கழற்றப் போகிறேன். கொடுக்குக் கீறினால் விரல் வீங்கும், ஆனாலும் அன்றாடம் கையில் காசு. கண்ணா மீனும் சூடையும் மலிகிற நாளில் கருவாடு போடுவேன். சம்மாட்டியிடமும் நானே போனேன். போகும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். தம்பி ஒன்றும் பேசவில்லை. ஊன்றுகோலை ஊன்றி வந்து அவருடைய வாங்கிலில் இருந்தான், அவ்வளவுதான். சம்மாட்டி நல்ல மனிசன். கொஞ்ச நேரம் தம்பியின் காலைப் பார்த்துவிட்டு, "பொடியன் ரெண்டோட நிக்கட்டும், மிச்ச நேரம் படகைப் பாக்கட்டும்" என்றார். படகில் மேலே ஒரு ஆள் நின்று குமிழியைப் பார்த்துக்கொண்டிருப்பது எல்லோருக்கும் நல்லதுதானே. அதற்கு ஒரு சின்னப் பங்கும் போட்டார்.

வைகாசி வரைக்கும் மகன் இந்த ஒழுங்கை எத்தனை நாள் காத்தான் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. மூன்று சிலிண்டர் அடித்த நாட்கள் இருந்திருக்கும். ஒரு நாள் முழங்கை நோகிறது என்று சொன்னான். அன்றைக்கு நான் எண்ணெய்ப் போத்தலைத் தொடவில்லை. நேரே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய், இவன் சிலிண்டரோடு சுழியோடுகிறவன் என்று வாசலிலேயே சொன்னேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாவிட்டால் வலி மாத்திரை தந்து அனுப்பிவிடுவார்கள். ஒட்சிசன் முகமூடி போட்டார்கள், அன்று இரவு மறித்து வைத்துப் பார்த்தார்கள், நோ குறைந்தது. திரும்பி வரும்போது பேருந்தில் அவன் என் தோளில் சாய்ந்து நித்திரை கொண்டான். முகாமில் தண்ணீர் வரிசையில் நிற்கும்போதும் அப்படித்தான் சாய்வான்.

இப்போது அவன் கிழக்கில் இருக்கிறான். கிழமைக்கு இரண்டு முறை அழைப்பு எடுப்பான். நான் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னம் கேட்பது ஒன்றுதான்.

"சின்னதில முள்ளு எங்க நிக்குது?"

"3000 இலதான் அம்மா நிக்குது. தொடயில்லை."

பக்கத்தில் இருக்கும் தம்பி அதைக் கொப்பியில் எழுதி வைக்கிறான். கூரைக்கு இன்னும் தறப்பாள்தான் போட்டிருக்கிறோம். மாரிக்கு முன்னம் ஏதாவது செய்ய வேண்டும்.